ரீவைண்ட் செய்யாத கசெற்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அம்மா, நான், தங்கச்சி, எங்களோடு வாடகைக்கு இருந்த சிவம் அண்ணை, இவ்வளவு பேரும்தான். அப்பா பக்ரறி வேலைக்குப் போயிருந்தார், பெரியண்ணை யாழ்ப்பாணத்தில், அவன் இருந்த பக்கம் குண்டு போட்டார்கள் என்று கேள்விப்பட்டதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த பார்க்டேல் அப்பார்ட்மென்டில் ஹீற்றர் டக்குடக்கென்று அடிக்க, ரீவியில் கறுப்பு வெள்ளையில் ஒருவன் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

வீடியோக் கடையின் மலிவுப் பெட்டிக்குள் கிளறிச் சிவம் அண்ணை எடுத்துவந்த கசெற் அது. முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவில் எடுத்த, பேச்சில்லாத சின்னச் சின்னப் "பகிடிப் படங்கள்". நடித்தவர்களின் பெயர் கடைக்காரனுக்கே தெரியாது. இங்கிலீஷ் தேவையில்லாததால் எங்களுக்கு அது பெரிய வசதி: ஏணி தலையில் அடிக்கும், மா முகத்தில் கொட்டும், அவ்வளவுதான் கதை. எனக்கு அதற்கும் பயம், படத்தில் உடைகிற கண்ணாடிக்கு விழுகிறவனிடம் காசு கேட்பார்களோ என்று.

ஒரு படத்தில் அடுப்பு வெடித்தது. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். புகை விலக, முகமெல்லாம் கரியும் கிழிந்த சேட்டுமாகச் சமையல்காரன் எழும்பி, கண்ணைச் சிமிட்டித் தூசி தட்டினான்.

"உதைத் திருப்பிப் போடு," என்றார் அம்மா.

போட்டேன். வெடித்தது. எழும்பினான்.

"இன்னொருக்கா."

"நாடா தேஞ்சா கடைக்காரன் என்னைத் தேச்சுப்போடுவான் அக்கா," என்று சிவம் அண்ணை சிரிக்கப் பார்த்தார். "உது பொய் வெடி."

"எனக்குத் தெரியாதே சிவம்? அவன் எழும்புறதைத்தான் பாக்கிறன்."

மறுநாள் கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்தார். அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் "அவன்ரை உடம்பை முழுசாய் எடுத்தவங்களோ?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்தபின் கசெற்றை ஓடவிட்டு, அந்தச் சமையல்காரன் எழும்பி நின்ற இடத்தில் நிறுத்தி வெளியே எடுத்தார்.

"இப்பிடியே கொண்டுபோய்க் குடு. திருப்பிச் சுத்தக்கூடாது."

ரீவைண்ட் செய்யாவிட்டால் ஐம்பது சதம் தண்டம் என்று கடையில் எழுதித் தொங்கும். என்னிடம் ஒரு சதமும் இல்லை. கடைக்காரன் கசெற்றைப் பார்த்துவிட்டு, காசை அடுத்தமுறை வரும்போது தரச் சொன்னான். அடுத்தமுறை வரவில்லை. அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போய்விட்டேன்.

இப்போது அந்த இடத்தில் வேறு கடை. அம்மாவும் இல்லை. பெயர் தெரியாத அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் எத்தனையோ தரம் தேடிவிட்டேன், அகப்படவில்லை. நான் வெளியே வந்ததும் கடைக்காரன் அதைத் திருப்பிச் சுற்றியிருப்பானோ, எழும்பி நின்றவனை மறுபடியும் அந்த அடுப்படிக்குள் விட்டிருப்பானோ என்று இன்றைக்கும் யோசனை வரும். அந்த ஐம்பது சதம் இன்னும் கொடுக்கவில்லை.