ஹாங்காங்கிலிருந்து வந்த என்டர் பட்டன்

2010 வாக்கில் என் லேப்டாப்பின் என்டர் பட்டன் தெறித்துத் தொலைந்தது. கீபோர்டையே மாற்ற வேண்டும் என்றார் கடலூர்க் கடைக்காரர். ஒரு பட்டனுக்கா? எரிச்சலில் ஹாங்காங் இணையக் கடை ஒன்றில் அதை மட்டும் வாங்கினேன். விலை இரண்டு டாலர்.

சிதம்பரத்தில் இருந்த மச்சான், என் மனைவியின் தம்பி, போனில் யோசனை சொன்னான்: "கவர் மேல நூறு டாலர்னு எழுதச் சொல்லுங்க மாமா. வெல ஜாஸ்தின்னா பத்திரமா கொண்டாருவாங்க."

பஸ்ஸில் முறுக்கு அனுப்பினாலும் கண்டக்டரிடம் கண்ணாடிச் சாமான் என்று சொல்லும் ஊர் எங்களுடையது. அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிய விலைக்குத்தான் சுங்க வரி போடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மச்சானைத் திட்டிக்கொண்டே பணம் எடுத்து வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் வந்தார்.

"எவ்ளோ கட்டணும்?"

"ஒண்ணும் இல்ல சார். கையெழுத்து மட்டும் போடுங்க."

சென்னையில் சுங்க அதிகாரி கவரைப் பிரித்து, உள்ளே இருந்த பில்லைப் பார்த்திருக்கிறார். மேலே ஒட்டியிருந்த, விலை எழுதும் பச்சைச் சுங்கச் சீட்டில் நூறைச் சிவப்பு மையால் அடித்து, இரண்டு என்று எழுதி, சுருக்கொப்பமும் இட்டிருந்தார். அந்த விலைக்கு வசூலிக்கும் அளவு வரியே வராதாம், தபால்காரர் சொன்னார்.

மலையாகக் குவியும் பார்சல்களுக்கு நடுவே, கட்டைவிரல் அகலப் பட்டனுக்கு இவ்வளவு கவனமா! பட்டனைப் பஞ்சில் பொதிந்து, கவரைச் சுருக்கமில்லாமல் மறுபடி ஒட்டியிருந்தார் அந்த அதிகாரி.

பத்திரமாக வர வேண்டுமென்று நான் சொன்ன பொய்யை அடித்துவிட்டு, பொருளைப் பத்திரமாகவே அனுப்பியிருந்தார் அந்த மனிதர்.