பைக்குள் ஒளித்த ஸ்ரைக்கர்

நாவற்குழிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான் காற்சட்டைப் பைக்குள் அது தொடையில் இடித்தது. கரம் விளையாட்டில் காய்களை அடிக்கும் ஸ்ரைக்கர். கொழும்புத்துறையை விட்டு யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அன்று பெரிய சனி.

ஒரு வருடமாக ஒருவரின் படகில் தொழில் செய்தேன். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திச் சுமக்கும் ஆசந்தியின் முன்கொம்பு, பல வருடங்களாக அவருடைய தோளில்தான் இருந்தது. கடலைவிட அவர் அதிகம் கதைத்தது அதைப் பற்றித்தான்.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கியதும், கரம், சீட்டுக் கடதாசி எதுவும் விளையாடக் கூடாது, விளையாடுகிறவன் ஆசந்தியைத் தொடக்கூடாது என்று பங்குக் குருவான சுவாமி பூசையில் அறிவித்தார். காற்று மாறித் தொழில் இல்லாத ஒரு மத்தியானம், வலைகள் வைக்கும் வாடியில் கரம் பலகையை வெளியே எடுத்தவன் நான்.

"ஒரு ஆட்டம் போடுவம் அண்ணை."

"சுவாமி கண்டால் உன்ரை தோலை உரிச்சுப்போடுவார்."

"மீன் நாத்தத்துக்கை அவர் ஏன் வாறார்?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சுவாமி வரவில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் வந்தார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்ரைக்கரைப் பைக்குள் போட்டு, விரல்களில் ஒட்டியிருந்த கரம் பவுடரை ஈர வலையில் துடைத்தேன். அண்ணை துடைக்கவில்லை.

"ஆர் இதை எடுத்தது?"

வெளியூரிலிருந்து வந்த வந்தான் வரத்தானான என்னை ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். "அண்ணைதான் கூப்பிட்டவர். நான் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தனான்" என்றேன்.

அண்ணை என் கையைப் பார்த்தார். பிறகு, "ஓம், நான்தான்" என்றார். மூப்பர் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நானும் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரன்தான், அண்ணையின் உயரம்தான். அண்ணை சுமந்த முன்கொம்புக்கு மூப்பர் என்னைக் கேட்டார். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய வெள்ளிப் பவனியன்று அண்ணை வெள்ளை வேட்டியுடன் சனத்தோடு தெருவோரம் நின்றார். ஆசந்தி கிட்ட வந்ததும் என் பக்கம் சரிந்து, மெதுவாக, "உன்ரை பக்கம் தாழுது தம்பி. உயர்த்திப் பிடி" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன்.

இப்போது அந்தக் கோயில் மண்டபத்தில் கரம் போட்டி நடக்கிறதாம். புதுச் சுவாமிதான் முதல் காயை அடித்துத் தொடக்கிவைத்தாராம். அண்ணை அதைக் காண இருக்கவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகள் செய்துவிட்டேன். ஸ்ரைக்கர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து ஒரு காயைக்கூட அடித்ததில்லை.

பாலம் கடந்த அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு விடிய, சாவகச்சேரிச் சந்தையில் வாழைக்குலை இறக்க ஆள் தேடினார்கள். வியாபாரி என் தோளைப் பார்த்து, "முந்தி ஏதும் சுமந்திருக்கிறியோ?" என்று கேட்டார்.

பைக்குள் கையை விட்டு ஸ்ரைக்கரைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை" என்றேன். முதல் குலையைத் தோளில் ஏற்றிவிட்டார்.