ஞானப்பிரகாசம் வாய் திறக்காத ஒரு வாரம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கீழ்புத்துப்பட்டிலிருந்து போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க அங்கிள்" என்றாள் ஞானப்பிரகாசம் சாரின் மகள். ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. "ஞானப்பிரகாசம் சாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அந்தப் பெண்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆராய்ச்சி அணு உலையின் எரிபொருள் முழுவதும் அவர் பொறுப்பு. எந்த எரிபொருள் கட்டு உலைக்குள் போக வேண்டும், எரிந்து முடிந்தது ஆழமான தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு காலம் ஆற வேண்டும், எல்லாம் அவர் தலையில். கையால் தொடவே முடியாத ஒன்றை ஒரு மனிதர் இவ்வளவு நிதானமாகக் கட்டி மேய்த்தாரே என்று இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

ஒரு முறை கட்டுகளை இடம் மாற்றி முடித்தோம். "எல்லாம் சரியா வெச்சாச்சு சார்" என்றேன்.

"பார்த்தியா?" என்றார்.

நீண்ட கோலின் முனையில் பூட்டி நானே இறக்கியவை. பார்க்க என்ன இருக்கிறது? அவர் பைனாகுலரோடு தொட்டி ஓரத்தில் குனிந்து, தண்ணீருக்கு அடியில் ஒவ்வொரு கட்டின் தலையிலும் பொறித்த எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகும் பஸ் போய்விட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இப்ப சொல்லு, சரியா இருக்குதுன்னு" என்றார். மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம்.

சுனாமிக்குப் பிறகு வந்த மாசியில், என் ஊரான மரக்காணத்தில் ஒரு வதந்தி. அலை புகுந்ததில் எங்கள் உலைத் தண்ணீர் கடலில் கலந்துவிட்டதாம், அதில் விளைந்த உப்பும் கெட்டதாம். வியாபாரி லாரி அனுப்ப மறுத்தார். என் அண்ணன் குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் புது உப்பு குவிந்து கிடந்தது. கூலியாட்களுக்கு வேலை நின்றது. சாரை அழைத்துப் போனேன். பெரிய மனிதர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்பது என் கணக்கு.

வியாபாரியும் வந்திருந்தார். "பயமில்லன்னு சொல்லிடுங்க சார்" என்றார் அண்ணன்.

"எங்க எரிபொருளை அலை வந்த அன்னிக்கே பார்த்துட்டேங்க. ஒண்ணும் நகரல. உங்க உப்பை நான் இன்னும் பார்க்கலையே."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இதுக்கா இவரைக் கூட்டிக்கிட்டு வந்தே?"

சார் வெறுங்காலோடு வரப்பில் நடந்து, ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி உப்பு எடுத்துக்கொண்டார். முறைப்படி அனுமதி வாங்கி, கதிரியக்கம் அளக்கும் பிரிவில் கொடுத்தார். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் "அந்த சாரே வாயைத் திறக்கல" என்று வதந்தி இரண்டு மடங்கானது. எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். அவரோ மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு மீன் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அதே வரப்பில் நின்றார். "அளந்து பார்த்தாச்சுங்க. உப்புல எப்பவும் இருக்கிறதுதான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

வியாபாரி டிரைவரைக் கூப்பிட்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தார்னா நம்பியிருக்க மாட்டேன். தெரியாதுன்னு போன மனுஷன் இன்னிக்கு வந்து சொல்றாரு. டேய், லாரியை உள்ள வுடுடா!"

அண்ணன் அழுதுவிட்டார்.

அவரிடம் கற்றது ஏராளம். நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாரத்தை. ஊரே ஏசியபோதும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத தைரியம் அது. அவர் நாற்காலியில் இப்போது நான். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மேலிடத்திலிருந்து போன்.

"எல்லாம் சரிதானே? உலையை இன்னிக்கே ஓட்டலாமா?"

"நான் இன்னும் பார்க்கல. நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுமுனையில் போனைப் படாரென்று வைத்தார்கள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். சொன்னதை மாற்றவில்லை.