ஐந்து விநாடி எங்கே போனது? திருச்சுழி கரிசலில் ஒரு கார் பந்தயம்

"டீச்சர், ரெண்டு காரும் ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின். அப்படின்னா ரெண்டும் ஒன்னாத்தானே வந்து சேரணும்? அப்புறம் எதுக்கு ரேஸ்?"

விசை பற்றிய பாடத்தின் நடுவே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வண்டி ஒன்றாக இருந்தாலும் அதைத் தயார் செய்யும் விதம் ஒன்றாக இருக்காது என்றேன். "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்றாள். பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபின், திருச்சுழிப் பக்கம் அறுவடை முடிந்த நிலத்தில் மண்பாதைக் கார் பந்தயம் என்ற அறிவிப்பு கைப்பேசியில் வந்ததும் பையைக் கட்டிவிட்டேன். பங்குனி முதல் வாரம். சனிக்கிழமை பயிற்சி ஓட்டம், ஞாயிறு போட்டி.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினால் எட்டு மணிக்குள் டவுனில் இட்லி சாப்பிடலாம். அங்கிருந்து திருச்சுழி சாலையில் ஒன்பது கிலோமீட்டர், பிறகு மண்பாதையில் இரண்டு. ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

"ரேசுக்கா? நீங்களா ஓட்டப் போறீக?" என்றார் ஆட்டோக்காரர்.

"பாக்கத்தான் போறேன்."

"அப்ப மூஞ்சிக்குத் துண்டு எடுத்துக்கிட்டீகளா? இல்லேன்னா சாயங்காலம் உங்கள எனக்கே அடையாளம் தெரியாது."

அவர் சொன்னது மிகையில்லை. பருத்தி எடுத்து முடித்த கரிசல் நிலம். ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று, ஆறு வளைவு, ஓரமெல்லாம் கருவேலம். ஒரு வண்டி போனால் எழும் புழுதியில் அடுத்த வண்டி கண்ணுக்குத் தெரிய சிறிது நேரம் பிடிக்கும். ஆனால் முதல் வண்டி என்னைக் கடந்தபோது எழுந்து நின்றேன். அதன்பின் நான் உட்காரவே இல்லை.

ஒன்பது வண்டிகளும் பழைய எண்ணூறு சிசி சின்னக் கார்கள். ஓட்டுபவர் இருக்கை தவிர மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்க இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள். நான் இரண்டு அணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கவனித்தேன். ஒன்று விருதுநகர் அணி. கதவுத் துணி முதல் டிக்கி விரிப்பு வரை எல்லாவற்றையும் கழற்றி வண்டியை இளைக்க வைத்திருந்தார்கள். கல் தெறிக்காமலிருக்க ரேடியேட்டர் முன்னால் நெருக்கமான கம்பிவலை. மற்றொன்று பந்தல்குடி அணி. அணி என்றால் இரண்டே பேர்: ஓட்டுபவர் முத்துச்செல்வி, மெக்கானிக் அவருடைய தம்பி கருப்பசாமி. கருப்பசாமிக்குத் தினசரி வேலை லோடு வேன்களோடு. அந்தப் பழக்கத்தில் டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்துக் கட்டியிருந்தார்.

சனிக்கிழமை நேர்ப்பாதையில் இரண்டும் சமம். சுற்று முடிந்து பார்த்தால் விருதுநகர் வண்டி ஒரு நிமிடம் இருபத்துநான்கு விநாடி, பந்தல்குடி ஒன்று இருபத்தொன்பது. வித்தியாசம் முழுக்க வளைவுகளில்.

"ஏலே, முன் டயரு பிடிக்கவே மாட்டேங்குது. நான் தெக்க திருப்புனா அது கிழக்க போகுது. மூட்டைய எறக்கு" என்றார் முத்துச்செல்வி.

"லோடு இல்லாம வண்டி எப்படிக்கா நிக்கும்? பின்னாடி குதிச்சுக் கவுந்துச்சுன்னா மாமாவுக்கு நானுல்ல பதில் சொல்லணும்."

மாமா என்றது முத்துச்செல்வியின் மாமனாரை. கருவேல நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மூணு தடவ ஓடியாச்சு தாயி. ஒரு தடவகூட பைனலு இல்ல. நாளைக்கும் இல்லேன்னா கூண்ட வெட்டிட்டு வண்டிய வாடகைக்கு ஓட்டுவோம்" என்றார். கோபமில்லாமல், முடிவாகச் சொன்னார். முத்துச்செல்வி தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வகுப்பில் பெஞ்சின் ஒரு கோடியில் நான்கு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தால் மறு கோடி தூக்கும் அல்லவா? டிக்கி மூட்டை செய்வதும் அதுதான். இந்தக் கார்களில் இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம். அது தரையை அழுத்தாவிட்டால் வண்டி வளையாமல் வழுக்கும். லோடு வேனில் பின்சக்கரம் தள்ளுவதால் அங்கே மூட்டை உதவும். கருப்பசாமியின் கணக்கு சரிதான், வண்டிதான் வேறு. நான் அவரிடம் பெஞ்சு உதாரணத்தைச் சொன்னேன். "பெஞ்சு குதிக்காதுல்ல டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புழுதி அடங்கத் தண்ணீர் லாரி வந்தது. தெளித்துவிட்டுத் திரும்பும்போது பாதையை விட்டு இறங்கியதும் நனைந்த கரிசல் அதன் பின்சக்கரத்தை விழுங்கிவிட்டது. தள்ளத் தள்ள இன்னும் புதைந்தது. எல்லா அணிகளும் உதவிக்கு ஓடின. ஆனால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் வேன் ஓட்டுகிறவருக்குப் புதைந்த வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கருப்பசாமி தன் மூட்டைகளைத் தூக்கி வந்து கிழித்து மணலைச் சக்கரத்தின் முன்னே கொட்டினார். லாரி உறுமிக்கொண்டு ஏறியது. கைதட்டல்.

முத்துச்செல்வி தலைக்கவசத்தோடு வந்தார். "எங்கலே மூட்டை?"

"லாரிக்குக் கீழ."

"அப்ப?"

"கரிசலையாவது அள்ளிப் போடுறேன், இரு அக்கா." அதற்குள் ஒலிபெருக்கியில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விதி எளிது. ஒவ்வொரு வண்டியும் தனியாக மூன்று சுற்று ஓட வேண்டும், சிறந்த சுற்று கணக்கு, முதல் நால்வருக்குப் பைனல். முதல் வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு குதி குதித்தது. கருப்பசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் மூக்கு உள்பக்கமாகத் திரும்பி, திரும்பிய இடத்திலேயே நின்றது! இரண்டாம் வளைவில் முத்துச்செல்வி நேற்றைப்போல ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நான் கத்தினேன், பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளிடம் கத்தாதீர்கள் என்று சொன்னவள்.

ஒன்று இருபத்தைந்து. நான்காம் இடம். இன்னும் இரண்டு வண்டி பாக்கி. எட்டாவது வண்டி வளைவில் சுழன்று நின்றது. கடைசி வண்டி வந்து முடித்தபோது பலகையில் எழுதுபவர் சுண்ணக்கட்டியை வேண்டுமென்றே மெதுவாக எடுத்தாரோ என்று தோன்றியது. ஒன்று இருபத்தாறு.

"எப்படிக்கா என் ஐடியா?"

"எதுலே உன் ஐடியா? லாரி புதைஞ்சதா?"

பைனல் பத்துச் சுற்று. விருதுநகர் வண்டி முதல் ஐந்தில் பறந்தது. பிறகு நெருக்கமான கம்பிவலையில் ஈரக் கரிசல் அப்பி, இன்ஜின் சூடேறி, சுற்றுக்கு இரண்டு விநாடி பின்தங்கியது. முந்தைய நாள் ஒரே சுற்றை வைத்துக் கணக்குப் போட்ட எனக்கு இது பாடம். நெடு ஓட்டத்தின் வேகம் தனிக் கதை. அப்படியும் அவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். முத்துச்செல்வி மூன்றாவது.

மாமனார் எழுந்து வந்து கூண்டின் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். "இருக்கட்டும். ஆனா தாயி, அடுத்த ரேசுக்கு நீயே வண்டிய ரெடி பண்ணு. இவன் லாரிய பாத்துக்கட்டும்." கருப்பசாமியே முதலில் சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: நுழைவு நூறு ரூபாய். மைதானத்தில் கடையில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, துண்டு அவசியம். அருப்புக்கோட்டையில் அறை தொள்ளாயிரத்துக்குக் கிடைத்தது. திரும்பும் ஆட்டோவைக் காலையிலேயே பேசிவையுங்கள். மாலையில் பிரதான சாலை வரை நடக்க நேர்ந்தால் செருப்பில் ஈரக் கரிசல் ஒட்டி ஆளே அரை அடி உயர்ந்துவிடுவீர்கள்.

உங்களிடம் கார் இருந்தால் இந்த வாரம் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தவிர எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தினமும் திரும்பும் ஒரு வளைவில் எப்போதும்போல நிதான வேகத்தில் திருப்பி, முன்சக்கரம் இன்னும் நன்றாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.