இருபத்தைந்தாவது ஃப்ரேம்

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மிருதுளாவும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் இது நடந்தது. போன சித்திரையில், கொல்கத்தா அலிப்பூரில், பட்டப்பகலில் நடந்தது.

மிருதுளா அனிமேஷன் மாணவி. அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு நடையை வரைந்து அனுப்பியாக வேண்டும். குண்டு மாமா ஒருவர் துள்ளித் துள்ளிப் போகும் கார்ட்டூன் நடை. ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன் சார் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். "உன் மாமா நடக்கலைம்மா, மிதக்கறார். உடம்புல எடையே இல்லை." மூன்றாவது முறையும் தவறினால் ஒரு வருஷம் வீண்.

நடை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். இரண்டு எட்டுக்கு இருபத்துநாலு ஃப்ரேம், அதாவது இருபத்துநாலு படம். குதிகால் தரையைத் தொடும். உடம்பு இறங்கும். பின்னாலிருக்கும் கால் முன்னாலிருக்கும் காலைக் கடக்கும். உடம்பு எழும்பும். அடுத்த காலுக்கும் இதே கதைதான். கடைசிப் படம் முடிந்ததும் மறுபடி முதல் படம். அப்படியே சுழலவிட்டால் ஆள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பார். இருபத்தைந்தாவது என்று ஒன்று இருக்கவே கூடாது. இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நடை விக்கும்.

மணி 3.40. கால்பைசாகி என்னும் வங்காளக் கோடைப் புயல்காற்று கிளம்பி வானம் கறுத்திருந்தது. லேபில் அவளும் வகுப்புத் தோழன் விக்ரமும் மட்டும்.

"உன் மாமாவுக்கு விக்கல்டி. தண்ணி குடு," என்று சிரித்துவிட்டு அவன் டீ வாங்கப் போனான்.

பார்த்தாள். இருபத்தைந்தாவது ஃப்ரேம் இருந்தது. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. முதல் படத்தின் நகல் கடைசியில் ஒட்டிக்கொண்டுவிடும். சிரித்துக்கொண்டே அழித்தாள்.

3.52. மறுபடி விக்கல்.

திறந்து பார்த்தாள். இது நகல் இல்லை. மாமா நேராக அவளைப் பார்த்து நின்றிருந்தார். அவள் மாமாவைப் பக்கவாட்டில்தான் வரைந்திருந்தாள். அந்த முகத்தின் மறுபாதியை அவள் வரையவே இல்லை...

அழித்தாள்.

3.58. வந்தது. இப்போது சற்றுப் பெரிதாக. சற்றுக் கிட்டத்தில்.

4.06. தப்... தப்...

படத்துக்கு அவள் ஒலியே சேர்க்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

தப்... தப்...

முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. பிறகு கோபம் வந்தது. சுள்ளென்று வந்தது.

"யாரா இருந்தாலும் சரி. அஞ்சு மணிக்கு நான் அனுப்பணும். என் இருபத்துநாலுல உனக்கு இடம் கிடையாது!"

சத்தம் நின்றது.

திரையை உற்றுப் பார்த்தாள். அந்த உருவத்தின் பாதம் தரைக்கோட்டைத் தொடவில்லை. மயிரிழை மேலே நின்றது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று சொல்வார்கள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் அனிமேஷன் பிழை.

"நீயும் மிதக்கறியா?" என்றாள்.

திரையில் வரையும் பேனாவை எடுத்தாள். இடுப்பை இறக்கினாள். முழங்காலை மடக்கினாள். பாதத்தைத் தரையில் அழுத்திப் பதித்தாள்.

தொம்.

பின்னால் தரை அதிர்ந்தது. மேஜையில் பென்சில் உருண்டது. கதவு திறந்தது... மூடியது.

இருபத்தைந்தாவது ஃப்ரேம் காணவில்லை.

மற்ற இருபத்துநாலிலும் அதேபோல உடம்பை இறக்கினாள். 4.55க்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை 7.40. லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து சார் கூப்பிட்டார்.

"பாஸ். நல்ல எடை. ஆனா அந்த ஃபைலை அழிச்சுடும்மா."

"மார்க் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

"அப்போ அழிக்க மாட்டேன். அது என் நடை."

சார் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ஆத்துல அதை ஓடவிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை. என் ஆத்துக்காரி விசாலம் சமையல்கட்டுலேர்ந்து எழுந்து வந்து வாசக்கதவைத் திறந்தா. யாரோ கனமா நடந்து வரா, உள்ள கூப்பிடுங்கோன்னா..."

மிருதுளா அழிக்கவில்லை. இன்றும் வைத்திருக்கிறாள்.

போன் வந்த அன்று மதியம் விக்ரமிடம் இதைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சார் வீட்டுக்கு அடிக்கடி போய்வருகிறவன் அவன்.

"உனக்குத் தெரியாதா? விசாலம் மாமிக்கு இருபது வருஷமா காது கேக்காதுடி."