அப்பன் பெயரை விழுங்கிய சாய்கோடு

என் முதலாளி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவார்: "படிக்காதே தங்கச்சி, உருவு." படித்தால் நேரம் போகுமாம். உருவினால் வேலை ஓடுமாம். அவர் சொல்லும்போதெல்லாம் கையில் இருக்கும் எதையாவது அவர் தலையில் போடலாமா என்று இருக்கும் எனக்கு.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. மலேசியாவில், அலோர் ஸ்டாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பு நடத்தினார் அவர். எங்கள் கெடா மாநிலத்தில் அன்றைக்குக் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்களே குறைவு. அதனால் அவர் என்ன சொன்னாலும் வேதவாக்கு. ரப்பர் தோட்டக் கம்பெனி ஒன்று தன் தோட்டங்களில் இருக்கும் தொழிலாளர் அட்டைகளையெல்லாம் மூட்டை மூட்டையாக அவரிடம் அனுப்பும். நான் அவற்றைப் பார்த்து டைப் அடிப்பேன். அப்படிச் சேர்த்து வைத்த கோப்பிலிருந்து கம்பெனி எதைக் கேட்கிறதோ அதை மட்டும் அவர் உருவிக் கொடுப்பார்.

டைப் அடிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு விவரத்துக்கும் தலையில் ஒரு குறி, காலில் ஒரு சாய்கோடு. பெயருக்கு ஒரு குறி, குடியிருக்கும் வரிசை வீட்டு லயத்துக்கு ஒரு குறி, கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதற்கு ஒரு குறி. பெயர் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பெயரின் குறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொள்ளும். கோட்டைப் பார்த்ததும் நின்றுவிடும். அடுத்த குறி வரும் வரை இடையில் என்ன கிடந்தாலும் அதற்குக் குப்பை. சும்மா சொல்லக்கூடாது, கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நம் ஆட்களின் பெயர் எப்படி இருக்கும்? மலாய்க்காரர் பெயருக்கு நடுவில் 'பின்' வரும், 'பிந்தி' வரும். சீனர் பெயர் மூன்று சொல்லோடு முடிந்துவிடும். நமக்கு மட்டும் ஐசியிலேயே, அதாவது அடையாளக் கார்டிலேயே, மகன் என்றால் 'ஏ/எல்', மகள் என்றால் 'ஏ/பி' என்று போட்டு அதற்குப் பிறகுதான் அப்பன் பெயர். அந்த 'ஏ'க்கும் 'பி'க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன? சாய்கோடு. தமிழராகப் பிறந்து, தன் பெயருக்கு நடுவிலும் அதே கோட்டை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் இதை யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடாங் செராய்ப் பக்கம் எங்கள் தோட்டம். அந்த மூட்டை வந்த அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. அட்டைகளைக் கலைத்து என் அம்மாவின் அட்டையைத் தேடி எடுத்து முதல் ஆளாக அதைத்தான் அடித்தேன். கை ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவள் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று ஒரு பெருமை. அப்பா இறந்து அப்போது ஒன்பது வருஷம். அம்மா மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துத்தான் எங்களை வளர்த்தாள்.

அந்த வருஷம் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி விற்றுவிட்டது. லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஆம்பிளை இருக்கும் குடும்பங்களுக்குப் பழைய கையெழுத்துப் பட்டியலை வைத்தே புது வீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் இல்லாத பெண்களுக்குத் தனியாக ஒரு சின்ன வரிசை வீடு. அதற்குப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் எடுத்துத் தரும்படி எங்கள் ஆபீசுக்குத் தாள் வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் வீடு. இல்லையென்றால் மூன்று மாதத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

முதலாளி உருவினார். விதவை, கைவிடப்பட்டவள், எல்லாருக்கும் மலாயில் ஒரே சொல், 'ஜண்டா'. அந்தக் குறி இருக்கும் அட்டைகளின் பெயர்கள் மட்டும் தாளில் வந்து விழுந்தன. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஒரு 'ஏ' தொங்கியது. அவ்வளவுதான், அப்பன் பெயரைக் காணோம்.

"அண்ணே, எல்லாருக்கும் கடைசில ஏ வருதே?"

"எல்லாருக்கும் வருதா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப சரியாத்தான் ஓடுது லா. நாலு பேருக்கு வந்து நாலு பேருக்கு வரலன்னாத்தான் கோளாறு."

அதோடு விட்டாரா? தோட்டத்துக்குள் டிவிஷன் மாறியவர்களுக்கு ரெண்டு அட்டை இருக்கும், ஒரே ஆள் ரெண்டு தடவை வரக்கூடாது என்று, ஒரே மாதிரி வந்த பெயர்களில் முதலில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டார். ஐசி நம்பரையும் சேர்த்துப் போடலாமே என்றேன். "கேட்டது பேரு. பேரு மட்டும் குடு. கேக்காததக் குடுத்தா அதுக்கும் நம்மளத்தான் நோண்டுவாங்க." பட்டியல் அன்றைக்கே போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் பஸ் மாறி மாறி வீட்டுக்குப் போனேன். லயத்துக்குள் நுழையும்போதே கேசரி வாசம். பட்டியலைத் தோட்ட ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்களாம், அம்மா பெயர் இருக்கிறதாம். தோட்டத்துக் கணக்கர், அதான் எங்கள் கிராணி, விரல் வைத்துக் காட்டினாராம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை.

"போயி பக்கத்து வீட்டுக்கும் குடுத்துட்டு வா புள்ள, அவளுக்கும் வந்துருச்சாம்."

கேசரியை எடுத்துக்கொண்டு போனால் பக்கத்து வீட்டில் சேமியாப் பாயசம். அந்தம்மாவுக்கும் என் அம்மாவின் பெயர்தான். எங்கள் தோட்டத்தில் இது ஒரு வழக்கம். திருவிழா மாதத்தில் பெண் பிறந்தால் கோயில் அம்மன் பெயரை வைத்துவிடுவார்கள். அதனால் மூலைக்கு மூலை அதே பெயர். புருஷன் இல்லாதவர்களிலேயே நாலு பேர். நெட்டை, பல்லு, மூணாம் லயம் என்று அடைமொழி வைத்துத்தான் கூப்பிடுவோம். என் அம்மா 'தையக்காரி', ஒரு பழைய மெஷின் வைத்திருந்ததால்.

பாயசத்தை வாயில் வைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. டம்ளரை வைத்துவிட்டு ஆபீஸ் பலகைக்கு ஓடினேன். ஜண்டா பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். அம்மன் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. வாலில் ஒரு 'ஏ'. நாலு பொம்பிளைகளும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகக் கிராணியிடம் பெயரைச் சொல்லி, அந்த மனிதரும் நாலு தடவையும் அதே வரியில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். நாலு வீட்டிலும் இனிப்பு. இருப்பது ஒரு வீடு.

தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. கம்ப்யூட்டர்தான் முட்டாள் என்றால் கிராணிக்கு என்ன வந்தது? நாலு பேரையும் இருபது வருஷமாகத் தெரிந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சொல்லுதுமா, நான் என்ன செய்ய? ஏ போட்டிருக்கே, ஏ கிளாஸ் போலன்னு நெனச்சேன்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீதானடி டைப் அடிச்ச?"

"நான் சரியாத்தாம்மா அடிச்சேன். அவரு உருவுனதுல போச்சு."

"உருவுனாராம் உருவு! நாலு தாலியறுத்தவளுக்கு ஒரு வீட்டக் காட்டிட்டு, உருவுனாராம்!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இதை யாரிடமும் சொல்லாதே, நான் போய்ச் சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பினேன்.

முதலாளியிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கிராணியைத் திட்டினார், அட்டை எழுதினவர்களைத் திட்டினார். ஒரே பெயரை நாலு பேருக்கு வைத்த தோட்டத்தையும் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"அண்ணே, உங்க ஐசிய எடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"எடுங்கண்ணே!"

எடுத்தார். அவருடைய பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் என் விரலை வைத்தேன். "உங்க கம்ப்யூட்டர் இந்த எடத்துல நின்னுக்குது. உங்கப்பாவையும் சேத்துத்தான் முழுங்கும்."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோப்பைத் திறந்து, அம்மன் பெயர் இருக்கும் நாலு அட்டைகளையும் வரவழைத்தார். நாலிலும் அப்பன் பெயர் முழுசாகக் கிடந்தது. நீக்காமல் விட்ட அந்த முதல் அட்டை யாருடையது என்றும் திரையில் தெரிந்தது. என் அம்மாவுடையது. முதலில் அடித்தது அதைத்தானே.

முதலாளி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இப்ப கெடக்கிற ஒத்தப் பேரு உங்கம்மாதான். அந்த ஒரு வரிக்கு மட்டும் அப்பா பேரச் சேத்து அடிச்சுத் தர்றேன். கம்பெனி ஒண்ணும் கேக்காது. உங்க வீட்டுப் பிரச்சன முடிஞ்சிரும். என்ன சொல்ற?"

உடனே வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறிப் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இடிந்த லயத்துக்கு வெளியே அந்தத் தையல் மெஷினோடு அம்மா நிற்பது கண்ணில் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாயசமும் நாக்கில் இருந்தது. அந்த மூன்று பேரும் எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள். அம்மா காலையில் மரம் வெட்டப் போய்விட்டால் யார் கை காலியாக இருக்கிறதோ அவர்கள்தான் எனக்கு அம்மா.

"எல்லாரையும் போடுங்கண்ணே," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? 'ஏ'க்குப் பக்கத்தில் வரும் கோட்டில் நிற்காதே என்று ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். ஒரு சிகரெட் முடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா பாவி மனுஷன்! அந்தத் தாளை நானே பஸ்ஸில் கொண்டுபோய் மானேஜர் மேசையில் வைத்தேன்.

மானேஜர் உதட்டைப் பிதுக்கினார். பட்டியலில் இருந்த எண்ணிக்கைக்குத்தான் வீடு ஒதுக்கியிருக்கிறார்களாம். மேலே கேட்டுப் பார்த்ததில் இன்னும் ஒரே ஒரு வீடு கிடைத்தது. ஆக நாலு பேருக்கு ரெண்டு வீடு. சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவானது. ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோர் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னில் நாலு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். ரெண்டில் வீடு, ரெண்டு வெறும் தாள். பக்கத்து வீட்டம்மாவுக்கு வீடு வந்தது. மூணாம் லயத்து அம்மாவுக்கும் வந்தது. என் அம்மா எடுத்தது வெறும் தாள்.

பாடாங் செராய் டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் பலகை அடித்த ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தோம். மழை வந்தால் மெஷினின் மேல் ஒழுகும். அதை ஜன்னல் பக்கமாகத் தள்ளுவோம், அங்கேயும் ஒழுகும். நான் அலோர் ஸ்டார் வேலையை விட்டுவிட்டு டவுனிலேயே ஒரு கடையில் சேர்ந்தேன். உருவு என்ற சொல்லை இன்றைக்கு யார் சொன்னாலும் எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும்.

குடிபோய் ரெண்டு மாதம் இருக்கும். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மொத பட்டியல்ல ஒத்தப் பேரு கெடந்துச்சே, அது யாருது?"

பொய் சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை எனக்கு.

"உன்னுதுதாம்மா."

கத்தி நின்றது. கடைக்காரர் ரேடியோவில் என்னவோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா வாயப் பொத்திக்கிட்டு இருடின்னிருப்பேன்," என்றாள் அம்மா. உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "அதான் நீ சொல்லல."