தண்ணீர் குடிக்காமல் நடந்தவர்கள்

எங்கள் நடைக்குழுவில் பெண்கள் ஒன்பது பேர். நடக்கப் போகிற நாளில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டோம். முந்தின நாள் சாயங்காலத்தோடு நிறுத்திவிடுவோம். வழியில் மூத்திரம் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, அவ்வளவுதான் காரணம். இதனால் என் எதிர்வீட்டுக்காரியின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அவளுக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கடையில் இருபத்தாறு வருஷம் பில் போட்டேன். அங்கேயும் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. காலையில் அரை டம்ளர் டீயோடு போவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை ஒரு கஷ்டமாகவே நினைத்ததில்லை. வேலை செய்கிற பெண் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். வேலையை விட்டதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. நடக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து எங்காவது போய், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருவார்கள். மஞ்சள் பனியன், வெள்ளைத் தொப்பி, ஒரு பேனர். தலைவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

எதிர்வீட்டுக்காரி என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இவளுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. வீட்டைவிட்டுத் தனியாகப் போனதென்றால் ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும்தான். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "பொழுதுக்குள்ள வந்துருவீங்களாக்கா?" என்று கேட்டார். "உங்க பொண்டாட்டிய வித்துட்டு வர மாட்டனுங்க," என்றேன். சிரித்தார்.

அவளுடைய முதல் நடை சங்ககிரி மலைக்கோட்டை. விவரம் தெரியாமல் வேனில் வரும்போதே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி பண்ணியிருந்தாள். மூன்றாவது வாசல் ஏறுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் அவளை உட்கார வைத்துவிட்டு, நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆண்கள் நாலு பேர் அந்தப் பக்கமாகவே வந்தார்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர், "மழை பெஞ்சிருக்குதுங்களாட்ட," என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். வேனில் ஏறியதும் என் காதோரம், "இனி நான் வல்லீங்க்கா," என்றாள்.

அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. தனியாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

"தண்ணியக் குடிச்சாத்தான புள்ள இந்தக் கருமமெல்லாம்? சனிக்கிழமை பொழுதோட நிறுத்திக்க. தொண்டை காஞ்சா வாயக் கொப்பளிச்சுத் துப்பு, முழுங்கிராத. ஒரு நெல்லிக்காய வாயில ஒதுக்கிக்க."

"சக்கரை இருக்குதுங்களேக்கா. டாக்டரு நல்லாக் குடிக்கச் சொல்லியிருக்கறாரு."

"மாசத்துல ஒரு நாளு. அதுல ஒண்ணும் செத்துர மாட்ட."

இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். இதே வார்த்தையை.

அடுத்த மாதத்திலிருந்து அவள் சரியாகிவிட்டாள். என்னைவிட நன்றாக நடந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் போவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒரு திருப்பத்தில் நின்று கீழே சமவெளியைப் பார்த்து, "நம்ம ஊடு எந்தப் பக்கமுங்க்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "இந்நேரம் அந்த மனுசன் சோத்தக் கொழைய வெச்சு வடிச்சிட்டு நிப்பாரு," என்று சொல்லிச் சிரித்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்திக்கு இப்படிச் சிரிக்க ஒரு இடம் கிடைத்தது. அதற்காக ஒரு நாள் தாகம் பெரிதாகத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆண்கள் நினைத்த இடத்தில் நின்றார்கள். ஒரு பனைமரம் போதும். பேச்சைக்கூட நிறுத்தாமல் திரும்பி நின்று பேசிக்கொண்டே போவார்கள். அதனால் அவர்கள் தாராளமாகக் குடித்தார்கள், அவர்கள் பாட்டில் பாதி வழியிலேயே காலியாகும். எங்கள் பாட்டில்கள் கடைசிவரை நிறைந்தே இருக்கும். பாட்டில் இல்லாமல் போனால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காக, குடிக்காத தண்ணீரை நாங்கள் சுமந்துகொண்டு நடந்தோம். ஆண்கள் அதற்கு ரிசர்வ் டேங்க் என்று பேர் வைத்திருந்தார்கள். "அக்கா, ரிசர்வ் டேங்க்கைத் தொறங்க," என்று கையை நீட்டுவார்கள். நாங்களும் கொடுப்போம். பெண்கள் ஏன் தண்ணீரைத் தொடுவதில்லை என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்களுக்குத் தாகம் குறைச்சல் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒரே ஒரு தடவை நான் தலைவரிடம் கேட்டேன். "போற வழியில ஒரு பெட்ரோல் பங்குல வண்டிய நிறுத்துனா நல்லாயிருக்கும். நடுவுல ஒரு பள்ளிக்கூடமோ கோயிலோ இருக்கற மாதிரி பாதையப் போடுங்க. பொம்பளைங்களுக்கு வேணுமுங்க," என்றேன்.

"நிறுத்துனா வெயிலு ஏறிப்போயிருமுங்க்கா. காடு பூரா உங்களுதுதானுங்க, எங்க வேணாலும் போங்க!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தச் சித்திரை மாத நடை எடப்பாடிப் பக்கம், வாய்க்கால் கரையோரம். வாய்க்காலில் தண்ணீர் விடாத மாதம். பதினாலு கிலோமீட்டர். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று விடியுமுன் கிளம்பினோம். ஆனால் டீக்கடையில் முக்கால் மணி நேரம், பேனர் பிடித்துப் போட்டோ எடுக்க அரை மணி நேரம். டீக்கடைக்கு நேரம் இருந்தது. நடக்க ஆரம்பிக்கும்போதே கரை மண் சுட்டது. அவளுக்கு முந்தின வாரமே முழங்கால் வலி. நாலு நாளாக வலி மாத்திரை தின்றுகொண்டிருந்தாள். வேனை விட்டு இறங்கியதும் இன்னொன்றை வாயில் போட்டு, எச்சிலோடு முழுங்கினாள். பாட்டில் தோளில் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வழி நெடுக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் விசைத்தறி ஓடுகிற சத்தம். பாதி வழியில் ஒருவர் அவளிடம் ரிசர்வ் டேங்க் கேட்டார். கழற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது. வேர்வை இல்லை. முகம் காய்ந்து போயிருந்தது. "என்ன புள்ள?" என்றேன். "அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டனுங்க்கா," என்றாள். நான் கிண்டல் என்று நினைத்தேன். "பொங்கிருமுங்க்கா, நான் போறனுங்க," என்று வாய்க்காலுக்குள் இறங்கப் பார்த்தாள். பிடித்து நிறுத்துவதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாந்தி. வெறும் மஞ்சள் தண்ணீர்.

நான் கத்திய சத்தத்தில் பக்கத்துத் தறிவீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி, வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டோம். என் தோளில் நிறைந்திருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள். "இந்த வெயில்ல ஒரு சொட்டுக் குடிக்காமயா நடந்தீங்க? ஏனுங்க?"

நான் தணிந்த குரலில் காரணத்தைச் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இத்தன ஊடு இருக்குதுங்களே. எல்லா ஊட்டுலயும் கக்கூஸ் இருக்குதுங்க. உள்ளார வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா யாருங்க வேண்டாம்னு சொல்லப் போறாங்க?"

இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியும் ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. தட்டலாம் என்று தோன்றியதே இல்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம். தலைவர் இருந்தார், இரண்டு ஆண்கள் இருந்தார்கள், அவள் வீட்டுக்காரர் பட்டறைச் சட்டையோடு வந்து நின்றார். ஒரு பாட்டில் மருந்து ஏறி அவளுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. "காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் ஆண்களைப் பார்த்தாள். "குடிச்சனுங்க. நல்லாக் குடிச்சனுங்க."

"எல்லாரும் நல்லாக் குடிச்சமுங்க," என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் குடித்தார்.

"வேற மாத்திரை ஏதாவது?"

"இல்லீங்க."

தீவனக் கடையில் லாரி டிரைவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி வெளியே அனுப்பியவள் நான். அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் அந்த நாலு ஆண்களுக்கு முன்னால் மூத்திரம் என்று சொல்ல வேண்டும். அதோடு யார் சொல்லிக்கொடுத்தது என்றும் வரும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் டாக்டரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்றே சொல்லியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போய் இருந்திருக்கிறது. வெயிலும் தாகமும் வலி மாத்திரையும் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிட்டன. சில பேருக்கு மறுபடி வேலை செய்யும் என்றார்கள். இரண்டு மாதம் பார்த்தார்கள். அவளுக்குச் செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இனி சாகும்வரை அப்படித்தான்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து பேசினார். "இனிமேலுக்கு அம்மணிமாருக்குத் தூர நடை வேண்டாமுங்க. பூங்காவுல அஞ்சு சுத்துப் போதும். பாதுகாப்பு முக்கியமுங்க." கை தட்டினார்கள். பெண்களும் தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "ஒரு வேன ஒரு பங்குல நிறுத்த உங்களால ஆகல. அதுக்குப் பொம்பளைங்களையே நிறுத்திப் போட்டீங்க. வெக்கமா இல்லீங்களா?"

"நீங்க குடிக்காம வாரீங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் வந்து கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க. கேட்டுட்டு நீங்களும் சிரிச்சிட்டுத்தானுங்க போனீங்க."

மற்றப் பெண்கள் ஏழு பேரையும் பார்த்தேன். ஒருத்தி மட்டும் பேசினாள். "நீங்கதானுங்க்கா எங்களுக்கும் பழக்கிவுட்டீங்க." நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு அங்கே போகவில்லை.

அவள் வீட்டுக்கு மட்டும் தினமும் போனேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது என்பதால், இப்போது அவள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு. காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். அவள் வீட்டுக்காரர் காலையில் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். பத்து மணிக்கே தீர்ந்துவிடும். என்னைப் பார்த்ததும், "அக்கா, ஒரு வாய்," என்பாள். முதலில் மறுத்தேன். அவள் உதடு வெடித்திருந்தது. "நீங்க சொன்னப்ப நான் கேட்டனுங்களே. இப்ப நான் சொல்றத நீங்க கேக்க மாட்டீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிகாலையில் அவளுக்கு மூச்சு முட்டி, கால் வீங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். பிழைத்துக்கொண்டாள். திரும்பி வந்த அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க்கா. எங்ககிட்ட அவ தண்ணி கேக்கறதில்லீங்க. உங்களப் பார்த்தாத்தான் கேக்கறா. நீங்க கொஞ்ச நாளைக்கு ஊட்டுப்பக்கம் வர வேண்டாமுங்க."

அவர் கத்தியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அந்த மனிதர் எல்லா வார்த்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். "சரிங்க," என்றேன்.

கொஞ்ச நாள் என்றார். ஐந்து மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். அவர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து ஏற்றுவார். அந்த நேரத்தில் நான் வாசலுக்கு வருவதில்லை. கோலம்கூட ஆட்டோ போன பிறகுதான் போடுகிறேன்.